புருவத்துக்கு ஒரு டோக்கன்

கோவில்பட்டி,
திங்கட்கிழமை.

அன்பு மகள் அர்ஃபாவுக்கு வாப்பா எழுதுகிறேன். அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் உம்மாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், ஷார்ஜாவில் நீயும் மருமகன் ஹாரூனும் அப்படியே இருக்க வேண்டும் என்று ஐந்து வேளையும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். உடம்பைப் பற்றித்தான் எழுதினேன், மனசைப் பற்றி எழுதவில்லை, அதை நீ கவனித்திருப்பாய். காலையிலிருந்து இந்தத் தாளை எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறேன். இரண்டு தடவை பேனாவை மூடி வைத்துவிட்டு மார்க்கெட் வரை போய் வந்தேன், வாங்குவதற்கு ஒன்றும் இல்லை, சும்மா வரக்கூடாது என்று ஒரு கட்டு கறிவேப்பிலை வாங்கி வந்தேன், ஏற்கெனவே இரண்டு கட்டு இருக்கிறது என்று மட்டும் உம்மா சொன்னாள். தினமும் வீடியோவில் முகம் பார்த்துப் பேசுகிறோமே, இப்போது என்ன கடிதம் என்று நினைப்பாய். போனில் பேசினால் உம்மா பக்கத்தில் இருப்பாள், நீ நடுவில் கேள்வி கேட்பாய், நான் கோபப்படுவேன், சொல்ல வந்தது அப்படியே நின்றுபோகும். அதனால்தான் எழுதி, ஒவ்வொரு தாளாகப் போட்டோ எடுத்து உன் வாட்ஸ்அப்புக்கு அனுப்புகிறேன். கடைசித் தாள் வரை படித்த பிறகு போன் செய். முதல் தாளிலேயே போனை எடுத்துவிடாதே, உன் குணம் எனக்குத் தெரியும், அது என்னுடைய குணம்தான்.

விஷயம் இதுதான். பொன்மணி வேலையை விட்டுப் போய்ப் பன்னிரண்டு நாள் ஆகிறது. நீ கேட்கும்போதெல்லாம் உள்ளே வேலையாக இருக்கிறாள், காய்ச்சல் என்று வரவில்லை, அவள் ஊரில் கோயில் கொடை என்று நானும் உம்மாவும் மாற்றி மாற்றிச் சொன்னது அத்தனையும் பொய். அவளாகப் போகவில்லை, நான் போக வைத்தேன். அந்த பியூட்டி பார்லர் உன் கடை. நீயும் பொன்மணியும் சுவருக்குப் பெயிண்ட் கூட ஆள் வைக்காமல் அடித்து ஆரம்பித்தது. கல்யாணம் முடிந்து கிளம்பும்போது, "வாப்பா, நான் திரும்பி வாரப்ப கடை இப்படியே இருக்கணும்" என்று சொல்லிவிட்டுத்தான் காரில் ஏறினாய். ஏழு மாதம்தான் ஆகிறது, இப்படியே இல்லை. உன் உம்மா காலை பத்து மணியிலிருந்து இரவு வரை நின்றுகொண்டே இருக்கிறாள், வீட்டுக்கு வந்ததும் காலைத் தூக்கி நாற்காலியில் வைத்துக்கொண்டு பேசாமல் இருக்கிறாள். என்னைத் திட்டினால்கூடத் தேவலை என்று இருக்கிறது.

எப்படி இப்படி ஆயிற்று என்று சொல்ல வேண்டுமென்றால் என் படிப்பிலிருந்து தொடங்க வேண்டும். பார்லர் வைத்திருக்கிறவர்களுக்கு வியாபாரமும் நிர்வாகமும் சொல்லிக்கொடுக்கும் ஐந்து நாள் வகுப்பு தூத்துக்குடியில் நடக்கிறது என்று ஆவணி மாதம் உன் உம்மா பெயரைப் பதிந்தாயே, அதற்கு அவள் போகவில்லை. "நான் போனா கடைய யாரு பாக்கது, நீங்கதான சும்மா இருக்கீங்க, நீங்க போயிட்டு வாங்க" என்றாள். சும்மா இருக்கிறேன் என்ற வார்த்தை எனக்குச் சுருக்கென்று தைத்தது. தீப்பெட்டி ஆபீசில் முப்பத்தொரு வருடம் கணக்கப்பிள்ளையாக இருந்தவன், ரிட்டயர் ஆகி ஒன்றரை வருடம் வீட்டில் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தவன், மறுநாளே பஸ் ஏறிவிட்டேன். வகுப்பில் இருபத்துநான்கு பெண்கள், நான் ஒரு ஆண். வகுப்பெடுத்த அம்மா, பதிந்திருந்த உன் உம்மா பெயரை வாசித்து, "சாஜிதா யாரு" என்று கேட்டார், நான் எழுந்து நின்றேன், அந்த இருபத்துநான்கு பேரும் சிரித்து ஓய ஐந்து நிமிடம் ஆயிற்று. "பரவாயில்ல அண்ணாச்சி, உக்காருங்க, கடை உள்ளவுகதான படிக்கணும்" என்று விட்டுவிட்டார். உண்மையைச் சொன்னால் எனக்கு அந்த வகுப்பு பிடித்துப்போயிற்று. ஒரு ஃபேஷியலுக்கு எத்தனை நிமிடம், எவ்வளவு கிரீம், கரண்டுக்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்ப்பது, காலாவதி ஆகிறதை முன்னால் எடுத்து வைப்பது, வருகிறவர்களுக்கு நேரம் குறித்துக் கொடுப்பது, ஒவ்வொருவருக்கும் என்ன ஒத்துக்கொள்ளும் என்ன ஒத்துக்கொள்ளாது என்று ஒரு அட்டையில் எழுதி வைப்பது, எல்லாவற்றையும் ஒரு நோட்டு நிறைய எழுதிக்கொண்டேன். இதில் பாதியை வந்த உடனே செய்தேன், நன்றாகத்தான் இருந்தது, நீயே போனில் பாராட்டினாய். மூன்றாம் நாள், ஒவ்வொரு நாற்காலியிலும் ஒரு நாளைக்கு எவ்வளவு வேலை நடக்கிறது என்று முதலாளிக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று அந்த அம்மா சொன்னார். இது எனக்குத் தெரிந்த பாடம், இதற்கு மேல் இவர்கள் எனக்கு என்ன சொல்லிக்கொடுப்பது என்று அன்று மத்தியானமே கிளம்பி வந்துவிட்டேன். மீதி இரண்டு நாள் போகவில்லை. இதையும் உன்னிடம் சொல்லவில்லை.

உள்ளே ஆண்பிள்ளை வரக்கூடாது என்பது நீ போட்ட சட்டம், அதை நான் மீறவில்லை. மாடிப்படி முடிகிற இடத்தில், திரைக்கு இந்தப் பக்கம் ஒரு மேசை போட்டு உட்கார்ந்துகொண்டேன். அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியாது, சிரிப்பும் டிரையர் சத்தமும் மட்டும் கேட்கும். பார்க்க முடியாவிட்டால் என்ன, எண்ணலாமே என்று தோன்றியது. தீப்பெட்டி ஆபீசில் பெட்டி அடைக்கிற பெண்களுக்கு ஒரு மரச்சட்டத்துக் குச்சி முடிந்தால் ஒரு டோக்கன் கொடுப்போம், சாயங்காலம் டோக்கனை எண்ணிக் கூலி. அதையே இங்கே வைத்தேன். பிளாஸ்டிக் வட்டு வாங்கி வந்து, ஐப்ரோவுக்குச் சிவப்பு, ஃபேஷியலுக்கு நீலம், முடி வெட்டினால் பச்சை. பாதிச் சம்பளம் நிலையாக, மீதி டோக்கனுக்குத் தக்க. தீபாவளிக்கு முந்தின இரண்டு வாரம் பார்த்திருக்க வேண்டும், புதிதாக வந்த வெயிலுகந்தம்மாள் ஒரே நாளில் இருபது ஐப்ரோ செய்தாள், படியெல்லாம் கூட்டம், நான் பூரித்துப் போனேன். ஆனால் டோக்கன் இல்லாத வேலையை யாரும் தொடவில்லை. துண்டு துவைக்கவில்லை, தரை கூட்டவில்லை, சின்னப் பிள்ளைக்குத் தலை பின்னிவிடச் சொல்லி யாராவது கேட்டால் இரண்டு பேருமே காது கேட்காத மாதிரி இருந்தார்கள். உன் உம்மா ஒரு நாள் திரையை விலக்கி, "இது பார்லரா, தீப்பெட்டி ஆபீசா" என்று கேட்டாள். அவள் பாராட்டுகிறாள் என்று நினைத்துச் சிரித்தேன், அந்த அளவுக்குத்தான் எனக்கு அறிவு இருந்தது.

தீபாவளி முடிந்து ஒரு புதன்கிழமை மீனாட்சியம்மாள் டீச்சர் தன் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார், மகளுக்கு மாதக் கடைசியில் கல்யாணம். அந்தப் பெண் உள்ளே போய் ஒன்றேகால் மணி நேரம் பொன்மணியின் நாற்காலியில் இருந்தாள். வெளியே ஐந்து பேர் காத்திருக்கிறார்கள், நான் மணியைப் பார்க்கிறேன், எழுந்து நிற்கிறேன், உட்காருகிறேன். கடைசியில் தாயும் மகளும் காசு கொடுக்காமல் நன்றி சொல்லிவிட்டு இறங்கிப் போனார்கள், டோக்கனும் வரவில்லை. சாயங்காலம் எண்ணிப் பார்த்தால் வெயிலுக்குப் பதினேழு, பொன்மணிக்கு ஐந்து. எனக்கு வந்ததே கோபம், திரைக்கு இந்தப் பக்கம் நின்று, "ஏட்டி பொன்மணி, இன்னைக்கு அஞ்சுதானா? நேத்து வந்தவ பதினேழு" என்று சத்தம் போட்டேன். என் சத்தம் உனக்குத் தெரியும், அது மெஷின் ஓடுகிற இடத்தில் வளர்ந்த சத்தம். உள்ளே டிரையர் நின்றது. பொன்மணி கையில் இருந்த வேலையை முடித்துவிட்டு, மேலே போட்டிருந்த ஏப்ரனை மடித்து வைத்துவிட்டு வந்தாள், அந்த ஐந்து வட்டையும் என் மேசையில் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்தாள், "அத்தைகிட்ட சொல்லிட்டேன் மாமா" என்றாள், படி இறங்கிப் போய்விட்டாள். அவ்வளவு பேர் முன்னால் அவளை அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. அன்று எனக்கு அது தோன்றவில்லை, இரண்டு நாளில் பசி எடுத்தால் வருவாள் என்று நினைத்தேன், அப்படி நினைத்ததையும் எழுதிவிடுகிறேன்.

அந்தச் சனிக்கிழமை டீச்சர் மட்டும் திரும்பி வந்தார். மகளுக்கு வேறு எங்கேயோ புருவத்தை நூலாக எடுத்துவிட்டார்களாம், அதைச் சரிசெய்யச் சொல்லி வந்திருக்கிறார்கள், பொன்மணி, "இதுக்கு மேல நான் கை வைக்கமாட்டேன், மூணு வாரம் யாரும் தொடக்கூடாது" என்று சொல்லி, எண்ணெய் எப்படித் தடவ வேண்டும் என்று உட்கார வைத்துக் காட்டியிருக்கிறாள். அதற்குத்தான் அந்த ஒன்றேகால் மணி நேரம். "வந்த காசை வேண்டாம்னு சொன்னாளே, அந்தப் பிள்ளகிட்டதான் என் மகளுக்கு அலங்காரம், எங்க வீட்டுப் பொம்பளைக பதினோரு பேருக்கும் அவதான்" என்று சொல்லிவிட்டு, பொன்மணி எங்கே என்று கேட்டார். ஊருக்குப் போயிருக்கிறாள் என்று உன் உம்மா சொன்னாள். வந்ததும் போன் பண்ணச் சொல்லிவிட்டு அவர் போய்விட்டார், நாங்கள் இன்னும் பண்ணவில்லை. இதற்கு நடுவில் வெயிலு கைபட்டவர்கள் இரண்டு பேர் வந்தார்கள், ஒருத்திக்கு ஒரு புருவம் மேலே ஏறிவிட்டது, "என்னத்துக்கு என்னய மொறைக்கன்னு எம் மாமியா கேக்கா" என்று என் மேசை முன்னால் நின்று கேட்டாள். நீ வெயிலுவைத் திட்டாதே, ஓடச் சொன்னது நான், அவள் ஓடினாள். மழையும் இந்த வருடம் போக்குக் காட்டுகிறது, கரிசலில் மக்காச்சோளம் கணுக்கால் உயரத்தில் நிற்கிறது, இன்னும் ஒரு மழை வேண்டும், அது வரும்வரை சுற்றுப்பட்டு ஊரிலிருந்து எந்தப் பெண்ணும் ஃபேஷியலுக்கு வரமாட்டாள். என்னோடு வகுப்பில் இருந்த புதியம்புத்தூர்ப் பெண் ஒருத்தியிடம் நான் போகாத இரண்டு நாள் பாடத்தை அனுப்பச் சொல்லிக் கேட்டு வாங்கினேன். நாலாம் நாள் முழுவதும் வேலைக்கு இருப்பவர்களை எப்படி நிறுத்திக்கொள்வது என்பதுதான் பாடமாம். அன்று நான் இங்கே வட்டு வாங்க அலைந்துகொண்டிருந்தேன்.

போன வெள்ளிக்கிழமை பொன்மணி வீட்டுக்குப் போனேன், இது உன் உம்மாவுக்குத் தெரியாது. வெள்ளிக்கிழமை முடியில் கை வைக்க நம்மூர்ப் பெண்கள் வரமாட்டார்கள், நமக்கும் ஜும்ஆ, அதனால் கடை அடைப்புதானே, தொழுகை முடிந்து நேராக மினி பஸ்சில் மந்தித்தோப்புக்குப் போய் இறங்கினேன். பஸ்சில் போகும்போது என்ன பேசுவது என்று மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன், மூன்றிலும் பாதித் தப்பு அவள் பேரில் இருந்தது. வீட்டில் அவள் அம்மா முத்துமாரியம்மாள்தான் இருந்தார். நாற்காலி எடுத்துப் போட்டு, செம்பில் தண்ணீர் கொடுத்து, என்னைத் தெரிகிறதா என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. மூணாவது வரிசை, சுவரோரம் என்றார். அர்ஃபா, அவர் எங்கள் ஆபீசில் பதினாலு வருடம் பெட்டி அடைத்தவர். அந்த வரிசை எனக்கு நினைவிருக்கிறது, முகம் நினைவில்லை. சாயங்காலம் யார் குறைவு என்று கீழேயிருந்து பெயர் வாசிப்பேன், அப்போதுதான் மறுநாள் கை வேகமாக ஓடும் என்று மேனேஜரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். அவர் கோபமாகப் பேசவில்லை, வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னார். "பாய், அங்கன என் கைய எண்ணுனீங்க, நான் வாய் தெறக்கல, வயித்துப்பாடு. எம் மகளுக்கு அது வேண்டாம்னுதான் ஞாயித்துக்கெழமயும் பெட்டி அடச்சு அவள இந்த வேல படிக்க வச்சேன். இங்கனயும் நீங்கதான் எண்ணுவீங்களா?" என்றார். கையில் இருந்த தண்ணீரைக் குடிக்கவும் முடியவில்லை, கீழே வைக்கவும் முடியவில்லை. வெட்கமாக இருந்தது மகளே. இந்த வயதில் ஒரு மனிதனுக்கு இவ்வளவு வெட்கம் வரும் என்று நான் நினைத்ததில்லை. அன்றிலிருந்து எனக்கு உட்கார்ந்தால் இருப்புக்கொள்ளவில்லை.

பிறகு பொன்மணி குழாயடியிலிருந்து வந்தாள். தப்பு முழுக்க என் பேரில்தான், டோக்கனை எடுத்துவிட்டேன், மேசையையும் எடுத்துவிட்டேன், பழைய சம்பளத்துக்கு மேலேயே தருகிறோம், வா என்று சொன்னேன். வேலைக்கு இருந்த ஒருவரிடம் நான் இப்படிச் சொன்னது இதுதான் முதல் தடவை. அவள் கேட்டுக்கொண்டு நின்றாள். "டோக்கன எடுத்துருவீங்கன்னு எனக்குத் தெரியும் மாமா, அது இல்ல. பஸ் ஸ்டாண்டு பக்கம் புதுசா ஒரு பார்லர் தொறக்காவ, அங்கன பொறுப்பா இருக்கச் சொல்லிக் கூப்பிடுதாவ, வியாழக்கெழமைக்குள்ள சொல்லணும். எனக்கு ஒண்ணு மட்டும் தெரியணும். அக்கா திரும்பி வந்தா அந்தக் கடையில நான் யாரு?" என்று கேட்டாள். அது நான் சொல்லக்கூடிய பதில் இல்லை. அக்காவைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன், "நீங்க கேக்க வேண்டாம், அவங்க வாயால எங்கிட்ட சொல்லட்டும்" என்றாள். அவளை நான் குறை சொல்லமாட்டேன். அவள் கேட்டது நியாயம்.

அதனால் நீ வியாழக்கிழமைக்கு முன்னால் பொன்மணிக்குப் போன் செய்ய வேண்டும், எனக்கு அல்ல, அவளுக்கு. என் யோசனையைச் சொல்கிறேன், பிடிக்காவிட்டால் தள்ளிவிடு. அவளைச் சம்பளத்துக்கு இருக்கிறவளாக இல்லாமல் கடையில் பங்குள்ளவளாக வைத்துக்கொள், வாய் வார்த்தையாக வேண்டாம், எழுதிக் கொடுத்துவிடு. நான் போகாமல் விட்ட வகுப்புக்கு அடுத்த தடவை அவளே போகட்டும், ஐந்து நாளும் போகட்டும். கடையில் கை அவளுடையது, கூட்டம் அவளைத் தேடி வருகிறது, உனக்குக் கணக்கும் நிர்வாகமும் தெரியும், ஷார்ஜாவில் நீ வேலை பார்க்கிற பெரிய பார்லரில் அதைத்தானே கற்றுக்கொண்டிருக்கிறாய். உன் முதலாளியம்மா நேரம் குறிப்பதையும் சாமான் வாங்குவதையும் எப்படிச் செய்கிறார் என்று பார்க்கிற மாதிரி, வேலை செய்கிற ஒருத்தி முகம் சுண்டி நிற்கும்போது என்ன செய்கிறார் என்பதையும் பார்த்துவை. நாள் முழுக்க நிற்காதே, இடையில் உட்கார், உன் உம்மா காலைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன். ஏசியில் தாகம் தெரியாது, தண்ணீர் குடி. ஹாரூனுக்கு வெளிச் சாப்பாட்டைக் குறைக்கச் சொல்லு, போன வீடியோவில் கன்னம் உப்பியிருந்தது, சம்பந்தி வீட்டில் கேட்டால் நான் சொன்னதாகச் சொல்லாதே.

ஹாரூனின் உம்மாவைப் போன வாரம் ஒரு நிக்காஹ் வீட்டில் பார்த்தேன். மருமகனுக்குப் பதவி உயர்ந்திருக்கிறது, அங்கே பெரிய வீட்டுக்கு ஐந்து வருடத்துக்கு வாடகை ஒப்பந்தம் எழுதிவிட்டார்கள் என்று அவர் சந்தோஷமாகச் சொன்னார். நானும் சந்தோஷமாகக் கேட்டுக்கொண்டேன். உன் உம்மாவிடம் நான் இதைச் சொல்லவில்லை. நீ எப்போது வருவாய் என்று கேட்கும்போதெல்லாம் அடுத்த வருடம் என்கிறாய், உம்மா அதைக் கேட்டுவிட்டு உன் நாற்காலியைத் துடைத்து வைக்கிறாள். நீ சீக்கிரம் வர வேண்டும் என்றால் கடை நன்றாக ஓட வேண்டும் என்று நினைத்துத்தான் நான் அந்த மேசையில் போய் உட்கார்ந்தேன், வேறு ஒரு ஆசையும் எனக்கு இல்லை. பொன்மணியிடம் பேசும்போது நீ எப்போது வருகிறாய் என்று அவளும் கேட்பாள். அவளிடம் உண்மையைச் சொல். ஐந்து வருடம் என்றால் ஐந்து வருடம் என்று சொல், வரமாட்டாய் என்றால் வரமாட்டேன் என்று சொல், அந்தப் பெண் தன் வாழ்க்கையை அதை வைத்துத்தான் முடிவு செய்யப்போகிறாள்.

அல்லாஹ் உங்கள் இரண்டு பேரையும் கண்ணேறு படாமல் காத்து, கையில் எடுக்கிற வேலையில் பரக்கத்தும் வீட்டில் நிம்மதியும் தரட்டும், உன் உம்மாவின் துஆவும் என் துஆவும் எப்போதும் உன்னோடு இருக்கும். வியாழக்கிழமையை மறந்துவிடாதே. பொன்மணியிடம் நீ என்ன சொன்னாய் என்று நான் உன்னைக் கேட்கமாட்டேன், அவளையும் கேட்கமாட்டேன். எங்களிடம் மட்டும் அடுத்த வருடம் என்றே சொல்லிக்கொண்டிரு.

உன் நலமே வேண்டும்
வாப்பா
ஷம்சுல் ஆலம்